எழுத்துப் பட்டை தொலைந்த இங்கிலாந்துப் பித்தளை நினைவுத் தகடு: கேடயங்களை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பழஞ்சுவடி (கேள்வி)

தென் இங்கிலாந்தில் ஒரு கிராமத் தேவாலயத்தின் தரையில் பதித்திருக்கும் பிராஸ் (பித்தளை நினைவுத் தகடு) பற்றிக் கேட்கிறேன். கவசம் பூண்ட ஆண், பக்கத்தில் மனைவி. கவசத்தின் பாணி 1430-40 வாக்கில் இருக்கும். இருவர் கழுத்திலும் எஸ்-எஸ் காலர், அதாவது எஸ் எழுத்துகளைக் கோத்த கழுத்தணி. கல்லின் ஓரம் சுற்றியோடும் லத்தீன் எழுத்துப் பட்டையில் முக்கால்வாசி இல்லை. ஒரு துண்டில் "ஓபியித்" (இறந்தார்) என்ற சொல்லும் 1434 பிப்ரவரி 20 என்ற தேதியும் இருக்கின்றன. இன்னொரு துண்டு "குவோரம் அனிமாபுஸ்" (இவர்களுடைய ஆன்மாக்களுக்கு) என்று தொடங்குகிறது.

நான்கு மூலைகளில் நான்கு கேடயங்கள் இருந்திருக்கின்றன.

மேல் இடது: ஒரு செவ்ரான் (கூரை போல் வளைந்த, தலைகீழ் V வடிவப் பட்டை), அதைச் சுற்றி மூன்று சிறு உருவங்கள். தேய்ந்துவிட்டதால் உருவம் பிடிபடவில்லை.
மேல் வலது: கேடயம் நெடுவாக்கில் இரண்டு பாதி. இடப் பாதியில் அதே செவ்ரான், வலப் பாதியில் பின்னங்காலில் நிற்கும் சிங்கம்.
கீழ் இடது: நாலாகப் பிரித்தது. 1, 4 கட்டங்களில் செவ்ரான். 2, 3 கட்டங்களில் குறுக்கே சரியும் பட்டை.
கீழ் வலது: தகடு இல்லை, கல்லில் குழி மட்டும்.

செவ்ரான் கேடயத்தின் தளம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறியிருக்கிறது. ஹெரால்ட்ரியில் (குடும்பச் சின்னங்களின் கலையில்) அப்படியென்றால் கருப்பு என்று படித்திருக்கிறேன், சரிதானா? தேவாலயத்தில் விற்கும் கையேடு, சிங்கம் இருப்பதால் மனைவி அரச குடும்பத்து வழி வந்தவர் என்கிறது. 1434இல் இறந்தவர் ஆண் என்றும் சொல்கிறது. இவற்றை வைத்து ஒரு வம்சாவளி எழுதினால் தேறுமா?

செதுக்குளி

கேடயங்களின் அமைப்பிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் படத்தில் நிறைய விஷயம் இருக்கிறது.

முதலில் திசை. கேடயத்துக்கு வலம், இடம் என்பது அதைப் பிடித்து நிற்பவருக்கு. ஆகவே நீங்கள் பார்க்கும் இடப் பாதிதான் முதன்மைப் பாதி. பாதி-பாதியாகப் பிரித்த கேடயத்தில் அங்கே கணவனின் சின்னம் வரும், எதிர்ப் பாதியில் மனைவியின் தந்தையுடைய சின்னம். தந்தையுடையது என்பதைக் கவனியுங்கள். அவளுக்கு முன்பு வேறு கணவன் இருந்திருந்தாலும் அந்தக் கணவனின் சின்னம் இங்கே வராது. சஸ்ஸெக்ஸில் டிராட்டன் தேவாலயத்தில் லார்ட் கமாய்ஸின் மனைவி எலிசபெத் மார்ட்டிமரின் பிராஸைப் பாருங்கள். அவர் ஹாட்ஸ்பர் எனப்பட்ட ஹென்றி பெர்சியின் விதவை, இங்கிலாந்து வரலாற்றிலேயே பெரிய பெயர். ஆனாலும் மறுமணக் கல்லறையில் கணவன் பாதிக்குத் துணையாக நிற்க வேண்டியது பிறந்த வீட்டுச் சின்னம்தான். கேடயத்தை மட்டும் படித்துக்கொண்டு போனால் இடையில் ஒரு திருமணம் நடந்ததே தெரியாமல் போய்விடும்.

ஆக, உங்கள் மேல் இடது கணவனின் தந்தைவழிச் சின்னம். மேல் வலது அவர்களுடைய திருமணம்.

சுவாரஸ்யம் கீழ் இடதில் இருக்கிறது. நாலாகப் பிரிப்பது திருமணத்தைக் காட்டாது, வாரிசுரிமையைக் காட்டும். சகோதரர்கள் இல்லாத, அல்லது சகோதரர்கள் வாரிசின்றிப் போய்விட்ட பெண் ஒருத்தி தன் குடும்பத்துச் சொத்துக்கு வாரிசாகிறாள். அவளுடைய பிள்ளைகள் தந்தையின் சின்னத்தை 1, 4 கட்டங்களிலும் தாயின் சின்னத்தை 2, 3 கட்டங்களிலும் வைத்துக்கொள்வார்கள். அரசர் மூன்றாம் எட்வர்ட் 1340இல் பிரெஞ்சு அல்லிகளைத் தன் சிங்கங்களோடு இப்படிச் சேர்த்த பிறகு இந்த வழக்கம் இங்கிலாந்தில் வேகமாகப் பரவியது.

உங்கள் 2, 3 கட்டங்களில் சிங்கம் இல்லை, சரிவுப் பட்டை இருக்கிறது. இந்த மனைவி வாரிசாக இருந்து, அவள் மகன் இந்தக் கல்லைப் போட்டிருந்தால் அங்கே சிங்கம் வந்திருக்கும். எனவே சரிவுப் பட்டை கணவனின் தாய் வழியாகவோ அவனுடைய பாட்டி வழியாகவோ வந்தது. அதாவது நீங்கள் தேட வேண்டியவை மூன்று குடும்பங்கள்: செவ்ரான், சரிவுப் பட்டை, சிங்கம். முதல் இரண்டும் ஒரு தலைமுறைக்கு முன்பே சேர்ந்துவிட்டவை.

தொலைந்த நான்காவது கேடயம்? நான்கு மூலையிலும் நான்கு வேறு சின்னங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டு மூன்று சின்னங்களையே மாற்றி மாற்றிப் போடுவதுதான் பட்டறைகளின் வழக்கம். தனிச் சிங்கமாகவோ, நாலு பிரிவும் சிங்கமும் சேர்ந்த கேடயமாகவோ இருந்திருக்க நல்ல வாய்ப்பு. அதை வம்சாவளியில் ஆதாரமாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் இந்த விதிகள் இரும்புச் சட்டம் அல்ல. தாய்வழிச் சொத்து பெரியதாக இருந்தால் அந்தச் சின்னத்தை முதல் கட்டத்துக்கே ஏற்றியவர்களும் உண்டு.

மெழுகுக்கட்டி

நிறத்துக்கு வருகிறேன். குறுக்கு-நெடுக்குக் கோடு என்றால் கருப்பு, கிடைக்கோடு நீலம், செங்குத்துக் கோடு சிவப்பு, புள்ளி பொன் என்ற முறை 17ஆம் நூற்றாண்டு அச்சுப் புத்தகங்களோடு நிலைபெற்றது. பெத்ரா சாங்தா என்ற ஏசு சபைத் துறவியின் பெயரால் அதைச் சொல்வார்கள். 1430இல் செதுக்கியவருக்கு அது தெரியாது. உங்கள் கேடயத்தில் தெரிவது நிறப் பூச்சு பிடித்து நிற்பதற்காகத் தளத்தைச் சொரசொரப்பாக்கிய கீறல். வீட்டுச் சுவரில் பூசுவதற்கு முன் கொத்திவிடுவார்களே, அதே காரியம். அந்தத் தளம் சிவப்பாகவும் இருக்கலாம், நீலமாகவும் இருக்கலாம், கருப்பாகவும் இருக்கலாம்.

படிக்க வேண்டியது கோட்டை அல்ல, மேடு பள்ளத்தை. பொன் நிறம் வேண்டிய இடத்தில் உலோகத்தை அப்படியே விட்டுவிடுவார்கள், சில சமயம் அதன்மேல் தங்கமுலாம். சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை வேண்டிய இடத்தைப் பள்ளமாக வெட்டி நிறம் சேர்த்த பிசினை நிரப்புவார்கள். வெள்ளி வேண்டிய இடத்தையும் பள்ளமாக வெட்டி அங்கே ஈயத்தை வைப்பார்கள். சிக்கல் இந்தக் கடைசி இரண்டில். நூற்றாண்டுக் கணக்கில் கால் பட்டுப் பிசினும் போய் ஈயமும் போனால் வெறும் பள்ளம்தான் மிஞ்சும். வெள்ளியா நிறமா என்று சொல்ல முடியாது.

உங்கள் சிங்கத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு பெரிய குடும்பங்கள், நான்கிலும் ஒற்றைச் சிங்கம், பின்னங்காலில் நிற்பது:

பெர்சி: பொன் தளம், நீலச் சிங்கம்.
ஃபெல்பிரிக்: பொன் தளம், சிவப்புச் சிங்கம்.
ஃபிட்ஸ்ஆலன்: சிவப்புத் தளம், பொன் சிங்கம்.
மோப்ரே: சிவப்புத் தளம், வெள்ளிச் சிங்கம்.

நிறம் உதிர்ந்த பிராஸில் பெர்சியும் ஃபெல்பிரிக்கும் அச்சு அசல் ஒன்று: தளம் மேடு, சிங்கம் பள்ளம். ஃபிட்ஸ்ஆலனைப் பிரித்துவிடலாம், அங்கே சிங்கம் மேடு. மோப்ரேயில் இரண்டுமே பள்ளம், நடுவே ஒரு மெல்லிய உலோகக் கோடு மட்டும் நிற்கும். எனவே உங்கள் சிங்கம் மேடா பள்ளமா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவே நிறையக் குடும்பங்களைத் தள்ளிவிடும்.

பள்ளத்தின் மூலைகளை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். காலடி படாத உள்மூலைகளில்தான் மிச்சம் தங்கும். சாம்பல் நிறத்தில் மெத்தென்ற உலோகம் ஒட்டியிருந்தால் ஈயம், அதாவது வெள்ளி. பழுப்புத் துகள் இருந்தால் நிறப் பிசின். ஆனால் கருத்துப்போன சிவப்பும் கருப்பும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஊசியால் சுரண்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம், அது பராமரிப்பு நிபுணர் வேலை. சர்ரே ஸ்டோக் டாபெர்னனில் சர் ஜான் டாபெர்னனின் கேடயத்தில் நீல எனாமல் இன்னும் இருக்கிறது, ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பிராக்ஸ்போர்னில் சர் ஜான் சேயின் பிராஸில் நிறங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவை போன்றவற்றை ஒருமுறை பார்த்தால் இந்தத் தகடுகள் முதலில் எப்படி மின்னியிருக்கும் என்று புரியும். இன்று நாம் பார்ப்பது எலும்புக்கூடு.

கையேட்டின் அரச வம்சக் கதையைத் தள்ளிவிடுங்கள். இங்கிலாந்து அரசரின் சின்னம் நடந்து செல்லும் மூன்று சிங்கங்கள், முகம் நம்மைப் பார்த்தபடி. பின்னங்காலில் நிற்கும் ஒற்றைச் சிங்கம் இங்கிலாந்து ஹெரால்ட்ரியில் மலிந்த சரக்கு.

ஆவணப்பெட்டி

இருவரும் சொன்னது சரி. ஆனால் "கேடயம் இருக்கிறது, ஆகவே உறவு இருக்கிறது" என்ற அடிப்படையையே கொஞ்சம் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

நார்ஃபோக்கில் ஃபெல்பிரிக் தேவாலயத்தில் சர் சைமன் ஃபெல்பிரிக்கின் பிராஸ் இருக்கிறது. அதில் இரண்டாம் ரிச்சர்டின் அரசச் சின்னம் உண்டு. சைமன் அரசரின் கொடி தாங்கி, ரத்த உறவு இல்லை. மனைவி மார்கரெட் அரசி ஆனின் உறவுக்காரி என்பதும் சேர்ந்தது. அங்கே கேடயம் சொல்வது பணி விசுவாசம். அதே பிராஸில் இன்னொரு பொறியும் உண்டு. மனைவி இறந்ததும் 1416 வாக்கில் செய்தது, சைமன் இறந்தது 1442இல். அவருடைய இறப்புத் தேதிக்கு விட்ட இடம் கடைசிவரை நிரப்பப்படவில்லை, அவர் புதைக்கப்பட்டதும் அங்கே அல்ல, நாரிச்சில். தகடு இருக்கும் இடத்தில் உடல் இருக்கும் என்பதுகூட நிச்சயமில்லை.

உங்கள் பிராஸில் உள்ள எஸ்-எஸ் காலரும் அந்த வகைதான். அன்று ஆண்ட லங்காஸ்டர் அரச வம்சத் தரப்பின் விசுவாசச் சின்னம். அதை வைத்து அரசியல் சொல்லலாம், வம்சம் சொல்ல முடியாது.

வணிகர்களுடைய பிராஸாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. லண்டன் மெர்சர்கள் (துணி வணிகர்கள்) போன்ற கம்பெனிகளின் சின்னம், கலே ஸ்டேப்பிள் என்ற கம்பளி வணிகர் அமைப்பின் சின்னம் எல்லாம் குடும்பச் சின்னம் போலவே கேடயத்தில் உட்கார்ந்திருக்கும். நார்த்லீச்சில் கம்பளி வணிகர் ஜான் ஃபோர்ட்டியின் 1458 பிராஸில் இருப்பது வணிகக் குறி, அதாவது கம்பளி மூட்டையில் போடும் அடையாளம். உங்களுடையது கவசக்காரர் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

கால்மாட்டு மிருகங்களையும் சின்னமாக எடுத்துவிடாதீர்கள். ஆண்களுக்குச் சிங்கம், பெண்களுக்கு மணி கட்டிய நாய்க்குட்டி என்பது பட்டறை வாடிக்கை. வைவென்ஹோவில் வைகவுண்ட் போமான்ட்டின் காலடியில் கோட்டை சுமக்கும் யானை இருக்கிறது, அது உண்மையிலேயே குடும்ப முத்திரை. டீர்ஹர்ஸ்ட்டில் லேடி கேஸியின் நாய்க்குப் பக்கத்தில் "டெர்ரி" என்று பெயரே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி விதிவிலக்குகள் பார்த்தவுடன் தெரியும்.

சின்னம் எவ்வளவு பெரிய உரிமைக் கோரிக்கை என்பதற்கு நார்ஃபோக் எல்சிங்கில் உள்ள சர் ஹியூ ஹேஸ்டிங்ஸின் 1347 பிராஸைச் சொல்வேன். சுற்றிலும் மூன்றாம் எட்வர்ட், லங்காஸ்டர் ஏர்ல், வாரிக் ஏர்ல் என்று பெரிய மனிதர்களின் சிற்றுருவங்கள், ஒவ்வொருவர் மேலும் அவரவர் சின்னம். 1389இல் ஹேஸ்டிங்ஸ் மூத்த கிளை பெம்ப்ரோக் ஏர்லோடு அற்றுப்போனது. பொன் தளத்தில் சிவப்புச் சட்டைக்கை கொண்ட அந்தச் சின்னத்தை மாற்றமின்றி யார் அணிவது என்று ரூதினைச் சேர்ந்த ரெஜினால்ட் கிரேயும், ஹியூவின் வழிவந்த எட்வர்ட் ஹேஸ்டிங்ஸும் 1407 முதல் 1410 வரை, குடும்பச் சின்ன வழக்குகளை விசாரித்த வீரர் நீதிமன்றத்தில் மோதினார்கள். விசாரணைக்குழு எல்சிங்குக்கே போய் இந்தத் தகட்டைப் பார்த்துப் பதிவு செய்தது. ஹியூ இளைய கிளை என்பதால் அவர் சின்னத்தின் மேல் விளிம்பில் லேபிள் என்ற முனைப்பட்டை உண்டு. கிரே தரப்புக்கு அந்தச் சின்னஞ்சிறு பட்டையே வாதம்: வேறுபாட்டுக் குறி இருக்கிறது என்றால் மூத்தவர் வேறொருவர் என்றுதானே அர்த்தம். தீர்ப்பு கிரேக்குப் போனது. ஹேஸ்டிங்ஸ் வழக்குச் செலவைக் கட்ட மறுத்துப் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார்.

உங்கள் செவ்ரானிலும் இப்படி ஏதாவது சிறு குறி இருக்கிறதா? பிறை, நட்சத்திரம், மேல்பட்டை, ஓரக்கரை? பார்க்காமல் மூத்த கிளை என்று எழுதிவிடாதீர்கள்.

பழஞ்சுவடி

நன்றி. பக்கவாட்டு வெளிச்சத்தில் மீண்டும் படம் எடுத்துப் பார்த்தேன். சிங்கம் மேடு, தளம் பள்ளம். செவ்ரானும் மேடு. சுற்றியுள்ள மூன்று உருவங்களில் கீழே இருப்பதற்கு ஐந்து முனை இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் சிறு மிருகமாகவும் இருக்கலாம். லேபிள் எதுவும் இல்லை. "ஓபியித்" சொல்லுக்கு முன்னால் மூன்று எழுத்துச் சொல் ஒன்று இருக்கிறது, கடைசி எழுத்து "ஈ" (e) போலத் தெரிகிறது.

ஆவணப்பெட்டி

அந்த ஓர் எழுத்து கையேட்டைக் கவிழ்த்துவிடுகிறது. ஆணுக்கு "குயி ஓபியித்", முடிவெழுத்து ஐ (i). பெண்ணுக்கு அந்தக் கால எழுத்துமுறையில் "குவே ஓபியித்", முடிவெழுத்து ஈ. உங்கள் வாசிப்பு சரியென்றால் அந்தத் தேதியில் இறந்தவர் மனைவி. "குவோரம் அனிமாபுஸ்" பன்மை, ஆகவே பட்டை இருவருக்குமானது. ஆணின் தேதி தொலைந்த பகுதியில் இருந்திருக்கலாம், அல்லது அவர் உயிரோடிருக்கும்போதே செய்ததால் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கலாம். நார்த்தாம்ப்டன்ஷயர் சல்கிரேவில் ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் லாரன்ஸ் வாஷிங்டனின் தகடு அப்படித்தான்: மனைவி ஏமி 1564 அக்டோபரில் இறந்த தேதி இருக்கிறது, 1584இல் இறந்த லாரன்ஸுக்கு விட்ட இடம் காலி.

இன்னொன்று, அந்த ஆண்டு 1434 அல்ல. அன்றைய ஆங்கிலேயக் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25. அவர்கள் 1434 பிப்ரவரி என்றால் நம் கணக்கில் 1435 பிப்ரவரி. குறிப்பில் 1434/5 என்று எழுதுங்கள், பின்னால் வருபவர் குழம்ப மாட்டார். பட்டையில் அரசாட்சி ஆண்டு எங்காவது கிடைத்தால் அதையும் சரிபாருங்கள். ஆறாம் ஹென்றியின் ஆண்டுகள் செப்டம்பர் 1இல் தொடங்கும். அவருடைய 13ஆம் ஆண்டு 1434 செப்டம்பர் முதல் 1435 ஆகஸ்ட் வரை, உங்கள் தேதி அதற்குள் விழ வேண்டும்.

செதுக்குளி

செவ்ரானைச் சுற்றியிருப்பது நட்சத்திரமா மிருகமா என்பதை ஊகத்தில் விடாதீர்கள், கிளையே மாறிப்போகும். கென்ட் கோபம் (Cobham) ஊரின் கோபம் குடும்பத்துக்குச் சிவப்புத் தளத்தில் பொன் செவ்ரான், செவ்ரான் மேல் மூன்று கருப்புச் சிங்கங்கள். சர்ரே லிங்ஃபீல்டில் புதைந்திருக்கும் அதே வம்சத்து ஸ்டெர்பரோ கிளைக்கு அதே தளம், அதே செவ்ரான், சிங்கங்களுக்குப் பதில் மூன்று நட்சத்திரங்கள். கேடயமே 15 செ.மீ உயரம்தான் என்றால் செவ்ரான் மேல் உள்ள உருவம் விரல் நகம் அளவு. தேய்ந்தால் ஐந்து முனை நட்சத்திரத்துக்கும் நாலு காலும் வாலும் விரித்த சிங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாது. உங்களுடையதில் உருவங்கள் செவ்ரானைச் சுற்றி இருப்பதால் அது கோபம் குடும்பம் அல்ல, ஆனால் பிரச்சினை அதேதான். மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மேலே உள்ள இரண்டும் கீழே உள்ளதும் ஒரே அளவு தேய்ந்திருக்காது, நடைபாதையிலிருந்து தள்ளி இருப்பது பிழைத்திருக்கும். அதே செவ்ரான் மூன்று கேடயங்களிலும் வருகிறது, ஆக உங்களுக்குப் பன்னிரண்டு வாய்ப்புகள் வரை உண்டு.

பெயர் தேடுகையில் குடும்பப் பெயரால் அடுக்கிய புத்தகம் உதவாது. சின்னத்தின் உருவத்தால் அடுக்கிய "ஆர்டினரி" வகைப் புத்தகம் வேண்டும். செவ்ரானும் மூன்று உருவமும் என்ற தலைப்பில் குடும்பங்கள் கொத்துக் கொத்தாக வரும், பயந்துவிடாதீர்கள். ஒற்றைச் சின்னம் ஒரு குடும்பத்தைத் தீர்மானிப்பதும் இல்லை. நீலத் தளத்தில் பொன் சரிவுப் பட்டையை ஸ்க்ரோப், க்ரோஸ்வெனர், கார்ன்வாலைச் சேர்ந்த கார்மினோ என்று மூன்று குடும்பங்கள் ஒரே காலத்தில் அணிந்தன. முதல் இரண்டு பேரின் வழக்கில் கவிஞர் சாஸரே சாட்சி சொன்னார். தீர்மானிப்பது சேர்க்கைதான்: செவ்ரான் குடும்பம் சரிவுப் பட்டைக் குடும்பத்தின் வாரிசை மணந்து, அடுத்த தலைமுறையில் சிங்கக் குடும்பத்தில் பெண் எடுத்திருக்க வேண்டும். மூன்றும் பொருந்தும் குடும்பம் அந்த மாவட்டத்தில் இரண்டு இருப்பது அபூர்வம்.

மெழுகுக்கட்டி

படம் எடுக்கும்போது: விளக்கைத் தரையோடு தரையாக, 10-15 டிகிரிக்கு மேல் உயராமல் வையுங்கள். கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் நாலு திசையில் மாற்றி நாலு படம். ஒரே திசையில் எடுத்தால் அந்தத் திசைக்கு இணையாக ஓடும் கோடுகள் மறைந்துபோகும், சரிவுப் பட்டை மாதிரியான விஷயத்தில் இது ஆளையே ஏமாற்றும். அளவுகோலை ஓரத்தில் வையுங்கள்.

காகிதம் போட்டு மெழுகு தேய்த்துப் பிரதி எடுக்க நினைத்தால் முதலில் பாதிரியாரிடம் அனுமதி. பல இடங்களில் கட்டணம் உண்டு, சில இடங்களில் அறவே அனுமதி இல்லை. தகட்டை மென்மையான தூரிகையால் தூசு தட்டாமல் காகிதம் போடக் கூடாது. மணல் துகள் ஒன்று இருந்தால் உங்கள் கையழுத்தமே அதை வைத்துத் தகட்டைக் கீறும். டேப்பைக் கல்லில் மட்டும் ஒட்டுங்கள். விரலால் மெல்லத் தட்டும்போது கடகடவென்று சத்தம் வந்தால் ஆணி தளர்ந்த தகடு, அதன்மேல் தேய்க்கவே வேண்டாம். ஹெரால்ட்ரிக்கு இந்தப் பிரதி பாதிதான் உதவும். பள்ளமான இடமெல்லாம் வெள்ளையாகவே விழும், அதனால் நீலமும் சிவப்பும் ஈயமும் ஒன்றாகிவிடும்.

கேடயங்கள் இந்தக் கல்லுக்கே உரியவையா என்றும் சோதியுங்கள். தகட்டின் விளிம்புக்கும் குழியின் விளிம்புக்கும் இடையே ஒரே சீரான இடைவெளி இருக்க வேண்டும். மூலப் பதிப்பில் குழியில் தாரை ஊற்றி, ஈயத்தில் ஊன்றிய ஆணியால் தகட்டைப் பிடித்திருப்பார்கள். தகட்டில் ஸ்க்ரூ தலை தெரிந்தாலோ குழி பெரிதாகி சிமென்ட் பூசியிருந்தாலோ அது பின்னால் பதித்தது. பழுது பார்ப்பில் தளர்ந்து கிடந்த கேடயங்களை வேறு கல்லின் குழிக்குள் கொண்டுபோய் வைத்த சம்பவங்கள் ஏராளம். நாலு பிரிவுக் கேடயத்தை முதலில் சோதியுங்கள், உங்கள் வம்சாவளி முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

ஆவணப்பெட்டி

தகடே பொய் சொல்லும் வாய்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கென்ட் பிளக்லியில் சர் எட்வர்ட் டெரிங் 17ஆம் நூற்றாண்டில் தன் முன்னோருக்கு இடைக்காலப் பாணியில் புதிதாகப் பிராஸ்கள் செய்துவைத்தார். போதாக்குறைக்கு 13ஆம் நூற்றாண்டுச் சின்னப் பட்டியல் ஒன்றில் இருந்த ஒரு கேடயத்தை அழித்து அங்கே தன் கற்பனை மூதாதையின் சின்னத்தைப் புகுத்தினார். அந்தச் சுருள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் டெரிங் ரோல் என்ற பெயரிலேயே இருக்கிறது. பிற்காலத் தகடு பொதுவாக மெலிசு, 15ஆம் நூற்றாண்டு லாட்டன் (அன்றைய பித்தளைக் கலவை) தகடு தடிமன். கவசப் பாணியும் எழுத்து வடிவமும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

பொய்யே இல்லாமலும் தலைமுறை பிசகும். மெழுகுக்கட்டி சொன்ன ஜான் டாபெர்னன் பிராஸை நெடுங்காலம் 1277 என்றார்கள், இங்கிலாந்தின் மிகப் பழைய பிராஸ் என்ற பெயரே அதற்கு இருந்தது. பாணி ஆய்வு அதை 1320களுக்குத் தள்ளியபோது, அது 1277இல் இறந்த தந்தை ஜானுக்கு உரியதல்ல, 1327இல் இறந்த மகன் ஜானுக்கு உரியது என்றாகிவிட்டது. சின்னம் இருவருக்கும் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். கேடயம் குடும்பத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்வது தேதி.

ஆளைப் பிடிக்க ஆவணங்களுக்கு வாருங்கள். அரசரிடம் நேரடியாக நிலம் வைத்திருந்தவர் இறந்தால் நடக்கும் விசாரணையில் வாரிசின் பெயரும் வயதும் எழுதியிருக்கும். ஆறாம் ஹென்றி காலத்தவை லண்டன் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சி 139 வரிசையில். வாரிசுப் பெண்ணின் திருமணத்துக்கு நில ஒப்பந்தங்கள், சிபி 25/1. உயில்களுக்கு ப்ராப் 11, அது 1384இலிருந்து தொடங்குகிறது. 1435 பிப்ரவரியில் இறந்த மனைவியையும் தேடுங்கள். முந்தைய கணவனின் நிலத்தில் ஜீவனாம்சப் பங்கு வைத்திருந்தால் அவள் பெயரிலேயே விசாரணை இருக்கும்.

தொலைந்த பட்டைக்கும் நான்காவது கேடயத்துக்கும் பழைய தொல்பொருள் ஆர்வலர்களின் கையெழுத்துக் குறிப்புகளைப் பாருங்கள். "ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்" என்ற வாசகத்துக்காகவே 1643-44இல் டவ்சிங் போன்ற பியூரிட்டன் உருவ எதிர்ப்பாளர்கள் கிழக்கு மாவட்டங்களில் பட்டைகளைப் பிடுங்கினார்கள். அதற்கு முந்தைய குறிப்பு கிடைத்தால் பெயரே கிடைத்துவிடும். ஹெரால்டுகள் (குடும்பச் சின்னங்களைப் பதிவு செய்யும் அரச அதிகாரிகள்) 1530 முதல் மாவட்டந்தோறும் எடுத்த வம்சப் பட்டியல்களைக் கடைசியாகப் பாருங்கள். குடும்பம் சொன்னதில் அருகிலுள்ள மூன்று நான்கு தலைமுறை பரவாயில்லை. அதற்கு மேல் போனால், அந்த ஹெரால்டே உங்கள் தகட்டைப் பார்த்து ஊகித்து எழுதியிருப்பார், நீங்கள் அவர் எழுதியதை வைத்துத் தகட்டை அடையாளம் காண்பீர்கள். வட்டம் சுற்றுவதுதான் மிச்சம்.

பழஞ்சுவடி

நாலு பிரிவுக் கேடயத்தில் ஸ்க்ரூ இல்லை, குழியோடு சரியாகப் பொருந்துகிறது. மேல் வலது கேடயத்தில்தான் இரண்டு ஸ்க்ரூ தலைகள் தெரிகின்றன.

மெழுகுக்கட்டி

அப்படியானால் சிங்கத்தை இப்போதைக்கு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். ஸ்க்ரூ இருப்பதாலேயே அந்நியத் தகடு என்று ஆகிவிடாது, அதே குழியிலேயே திருப்பிப் பொருத்தியும் இருக்கலாம். குழியில் பழைய ஈய அடைப்புகள் தெரிந்தால் அவற்றின் இடமும் தகட்டில் மூடிய பழைய ஆணித்துளைகளின் இடமும் பொருந்துகின்றனவா என்று அளந்து பாருங்கள். இடப் பாதியில் உள்ள செவ்ரானை மற்ற இரண்டு கேடயங்களின் செவ்ரானோடு ஒப்பிடுங்கள்: கோணம், பட்டையின் அகலம், கீறல் வெட்டின் நெருக்கம். ஒரே பட்டறைக் கை என்றால் மூன்றும் ஒத்துப்போகும்.